தலைமாட்டு விளக்கு

ஹாலிஎலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ‘ஐயா’ என்றுதான் அழைக்கிறார்கள். பாட்டனார் பெரிய கங்காணி. அவரும், அவருக்குப் பின் என் தகப்பனாரும், பிறகு நானும் கோயில் கமிட்டிக்குத் தலைவர்களாக இருந்தோம். என் மகள் நிரஞ்சலாவைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி விசாரித்த அன்று தலைவர் நாற்காலியில் இருந்தவன் நான். அதை வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

மருமகன் இறந்தபோது நெஞ்சு வலி என்று ஊருக்குச் சொன்னேன். அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நடந்ததை வெளியே கொட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. இன்று நடந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நிரஞ்சலா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தலை வாருவதில்லை. கூப்பிட்டால்தான் சாப்பிடுவாள். சுவரோரம் ஒருக்களித்துச் சுருண்டு கிடப்பாளே தவிர நிமிர்ந்து படுக்கமாட்டாள். பதுளை கிளினிக்கில் யாரோ ஒரு நர்ஸ் சொல்லி, டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். புருஷனை இழந்தவள் பஸ் ஏறிப் போய்க் கைகாலை வளைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. மெல்ல மெல்ல அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

பிறகு பயிற்சி முடித்து, தோட்டத்துப் பெண்களுக்குத் தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மாலையில் சும்மாதான் கிடக்கும். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் அங்கே கூடினார்கள். முதலில் வந்தவள் இராக்கம்மா. கூடை சுமந்து சுமந்து முதுகு போனவள்.

“ஐயா, ஒங்க மக எங்களுக்குத் தூங்கச் சொல்லிக் குடுக்குது. இத்தன வருசமா தப்பாத்தான் தூங்கியிருக்கோம்” என்று ரோட்டில் என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் அப்படிப் பேசும் துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

வகுப்பின் முடிவில் மல்லாந்து அசையாமல் படுப்பார்கள். சவாசனம் என்று பெயர். சவம் போலக் கிடப்பது என்று நிரஞ்சலா விளக்கமும் சொல்லியிருக்கிறாள். வகுப்பு தொடங்கும்போது சாமி கும்பிடுவதற்காகச் சுவரோரம் ஒரு குத்துவிளக்கு ஏற்றுவாள். விளக்கை நோக்கிக் கால் நீட்டலாமா? அதனால் எல்லோரும் அதன் பக்கம் தலை வைத்துப் படுத்தார்கள். எங்கள் பகுதிக் குளிருக்கு வெறும் தரையில் கிடக்க முடியாது என்று, வீட்டிலிருந்த வெள்ளைத் துப்பட்டிகளைக் கொண்டுபோய்க் கழுத்துவரை போர்த்திவிட்டாள். ஒருநாள் மனைவியைத் தேடிப் போன இராக்கம்மாவின் புருஷன் முருகையா ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறான். பெண்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள், மேலே வெள்ளைத் துணி, தலைமாட்டில் விளக்கு. மனைவியைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டான்.

அந்த மாதமே மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இராக்கம்மாவால் அந்த முதுகை வைத்துக்கொண்டு ஓட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவில் அவளைக் கிடத்தி, வெள்ளை போர்த்தி, தலைமாட்டில் விளக்கு வைத்தபோது, வகுப்புக்குப் போன பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவில்லை.

காரியம் முடிந்ததும் முருகையா கமிட்டியிடம் வந்தான். வகுப்பை மூட வேண்டும், நிரஞ்சலா கோயில் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். வகுப்பு நின்றால் என் மகள் மறுபடியும் சுவரோரம் சுருண்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மகள் என்பதற்காக முறையை மாற்ற முடியாது. கூட்டத்தைக் கூட்டினேன்.

“உசுரோட இருந்தவளப் பொணமாப் படுக்க வச்சு, வெளக்கும் வச்சிருச்சு ஐயா ஒங்க மக” என்றான் முருகையா. “எமனுக்கு வீட்டக் காட்டிக் குடுத்தாப்புல.”

“குளவி கொட்டுனதுக்கு யோகா என்னண்ணே பண்ணும்?” என்றான் கமிட்டிச் செயலாளர் அஜந்தன்.

“நீ சும்மா இருடா தம்பி. ஒன் பொண்டாட்டி அங்க போகல.”

நிரஞ்சலா எழுந்து நின்றாள்.

“வெளக்கு வச்சது என் தப்புத்தான் அண்ணே. கால நீட்டக் கூடாதேன்னு தலயத் திருப்பச் சொன்னேன். பாக்குறவங்களுக்கு எப்படித் தோணும்னு யோசிக்கல. இனிமே வெளக்கும் இல்ல, வெள்ளத் துணியும் இல்ல. ஆனா படுக்குறத நிறுத்தமாட்டேன்.”

“ஏன்?” என்று கேட்டேன். தலைவர் கேட்க வேண்டிய கேள்வி அது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அவரு நெஞ்சு வலியில சாகல. தானாப் போயிட்டாரு. அன்னைக்குக் காலையில நான் அவர்கிட்ட சண்ட போட்டேன். அதுக்கப்புறம் மல்லாக்கப் படுத்தாலே அவரு கெடந்த மாதிரி நானும் கெடக்குறேன்னு தோணும். வகுப்புல மொத தடவ படுத்தப்ப எந்திரிச்சு வெளியே ஓடிட்டேன். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கிட்டேன். சண்ட போட்டவளும் நான்தான், இன்னைக்கும் அவருக்காக அழுறவளும் நான்தான். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு மூச்சு விடப் பழகிட்டேன். இராக்கம்மா அக்காவுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல.”

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

முருகையாதான் முதலில் பேசினான். அவன் குரல் இறங்கியிருந்தது.

“அது தோட்டத்துக்கே தெரியும்மா. அன்னைக்கே தெரியும். ஐயா மனசு சங்கடப்படுமேன்னு நாங்களும் நெஞ்சு வலின்னே சொல்லிக்கிட்டோம்.”

யாராவது என்னைப் பார்த்திருந்தால் நானும் திருப்பிப் பார்த்திருப்பேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் நான் காத்த மானத்தை இவர்கள் எனக்காகச் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அது பேருதவிதான். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

கை தூக்கச் சொன்னேன். பிள்ளைக்காம்பராவில் வகுப்பு கூடாது என்று பெரும்பாலானவர்கள் கை தூக்கினார்கள். முடிவை நானே அறிவித்தேன்.

“மன்னிப்பு?” என்றான் முருகையா.

“தப்புன்னு அவளே சொல்லிட்டா. அதுக்கு மேல என் மக விழமாட்டா. காம்பராவுல வகுப்பு நடக்காது, கமிட்டி சொன்னபடி. என் வீட்டு முன்னறையில நடக்கும். அங்க யாரு எப்படிப் படுக்குறதுங்கிறது கமிட்டிக்குச் சேராத விசயம்.”

“தலைவரே கமிட்டிய எதுத்தா எப்படிங்க ஐயா?” என்றான் அஜந்தன், தயங்கித் தயங்கி.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, கோயில் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மாலை நிரஞ்சலா முன்னறையைக் கூட்டிப் பாய் விரித்தாள். யாரும் வரவில்லை. அவள் நடுவில் நின்று, எதிரே ஆட்கள் இருப்பது போலவே, மூச்சை இழுங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள்.

“யாரும் வரலியேம்மா.”

“நான் வந்திருக்கேன்ல, அப்பா.”

கடைசியில் மல்லாந்து படுத்தாள். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் எட்டிப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

“கதவச் சாத்தவா?”

“வேணாம்ப்பா. தொறந்தே இருக்கட்டும்” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். முருகையா வந்தான். சவரம் செய்யாத முகம். ரோட்டில் நின்று என்னைத் தாண்டி உள்ளே பார்த்தான். போ என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஒங்க மக எப்ப எந்திரிக்கும்?” என்று கேட்டான்.

“கொஞ்ச நேரத்துல.”

அவன் போகவில்லை. மழை தூறத் தொடங்கியது. உள்ளே வா என்று நான் அழைக்கவில்லை, அவனும் வருவதாக இல்லை. நிரஞ்சலா விரல்களை அசைத்து, வலப்பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுந்து உட்காரும்வரை ரோட்டிலேயே நின்றான். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தான்.