ஈர்க்குச்சி அளவு

பஸ்ஸிலிருந்து இறங்கிய விதத்திலேயே ஹேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஓம்பிரகாஷ் இடது காலை முதலில் தரையில் ஊன்றினான். பிறகு கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வலது காலை மெல்ல இறக்கினான். வாசலூர்பட்டி துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். நொண்டுகிறவர்களையும், நொண்டாத மாதிரி நடிக்கிறவர்களையும் தினம் பார்க்கிறவள்.

"ஏனுங்க, கால்ல என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் இழுத்துக்கிட்டு வாரீங்களா?"

"பஸ்ல உக்காந்தே வந்தது மரத்துப் போச்சு அம்மிணி. காப்பி வை."

ஒண்ணுமில்லையாம்! கல்யாணமாகி நாலு வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அதுதான். அடிவாரத்துத் தோட்டத்தில் கிணறு வற்றியபோதும் அதைத்தான் சொன்னான். எழுநூறு அடி போர் போட்டு வெறும் புழுதி பறந்தபோதும் அதேதான். அவளுக்கு மலைமேல் வேலை கிடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தவனைப் பார்த்து அவளுடைய அப்பா, "மாப்ள இப்ப என்ன பண்றாப்ல?" என்று பந்தியில் வைத்துக் கேட்டாரே, அப்போதும் இலையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னான்.

இப்போது ஒரே ஒரு வழி திறந்திருந்தது. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உயரமும் மார்பளவும் சரியாக இருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று: நாலு மணி நேரத்துக்குள் இருபத்தைந்து கிலோமீட்டர் கடக்க வேண்டும். நடந்தோ ஓடியோ, அது அவரவர் பாடு. அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

பயிற்சிக்கு அவனே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்குக் கீழே இறங்கும் ரோடு ஏறக்குறைய அதே தூரம். எழுபது வளைவுகள். விடிந்ததும் மேலேயிருந்து ஓட்டமாக இறங்குவான், பஸ் பிடித்து மேலே வருவான். நாலு மாதமாக இதே வேலை. "மூணே கால் மணி நேரத்துல இறங்கிட்டேன்" என்று சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தேர்வு நடக்கப்போவது சமதளத்தில் என்பதை அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. நன்றாக இருக்கிறது இருவர் புத்தியும்!

அன்று சாயங்காலம் அவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் பேன்ட்டை முழங்கால் வரை மடித்தான். சாக்ஸைக் கழற்றவில்லை. யோசித்துப் பார்த்தால், அவன் வெறும் பாதத்தை அவள் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. அவள் குனிந்து ஒரே இழுப்பில் சாக்ஸை உருவினாள்.

வலது கால் பெருவிரல் நகம் கன்னங்கரேலென்று கறுத்துப் பாதி தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து விரல் நகமும் கறுப்பு. பேன்ட்டை இன்னும் மேலே சுருட்டினாள். வலது முட்டி, இடது முட்டியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

"எத்தன நாளா?"

அவன் சாக்ஸைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"கேக்கறனில்ல? எத்தன நாளாங்க?"

"நகம்... ஷூ வாங்கின மறுநாளே. முட்டி ஒரு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நீ ஆசையா வாங்கியாந்த" என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஷூ அவள் வாங்கி வந்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன் சேலத்தில் பயிற்சி வகுப்பு இருந்தது. அவன் அதுவரை கிழிந்த கான்வாஸில்தான் ஓடிக்கொண்டிருந்தான். சொல்லாமல் வாங்கிவந்து அசத்த வேண்டும் என்று, புறப்படும் நாள் விடியற்காலையில், கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் இடது பாதத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து அளந்து, நகத்தால் கிள்ளி ஒடித்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் செருப்பு வாங்கிவரச் சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் அளவு கொடுத்து அனுப்புவார்கள். கடையில் குச்சியை ஷூவுக்குள் விட்டுப் பார்த்தாள். இந்த முனையும் அந்த முனையும் தொட்டன. அச்சு வார்த்தது மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போனாள். அவனும் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றான். அதைத் தன் துண்டாலேயே துடைத்து வைப்பான்.

குச்சி இன்னும் அவள் கைப்பையில் டைரிக்குள் கிடந்தது. எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இதுமேல நில்லுங்க."

"எதுக்கு இப்ப?"

"நில்லுங்கன்னா!"

இடது காலை வைத்து நின்றான். விரல் நுனி குச்சியைக் கொஞ்சம் தாண்டியது. வலது காலை வைத்தான். குச்சி முடிந்தும் பாதம் முடியவில்லை, அரை விரல் வெளியே நின்றது. தூங்குகிற பாதம் வேறு, ஆளைச் சுமக்கிற பாதம் வேறு என்பது அவளுக்கா தெரியாது? ஒரு குழந்தையை இரண்டு தரம் எடை போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறவள். கட்டின புருஷன் காலை அரைத் தூக்கத்தில் அளந்திருக்கிறாள். தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் நாமக்கல்லில் எலும்பு டாக்டர் முட்டியை அழுத்தியும் மடக்கியும் பார்த்தார். சவ்வு கிழியவில்லை, முட்டிச் சில்லுக்கு அடியில் உரசி வீங்கியிருக்கிறது என்றார். "இறக்கத்துல ஓட ஓட எடை பூரா முட்டிலதாங்க விழும். இதுல ஷூவும் சின்னது. விரலை மடக்கிக்கிட்டே ஓடியிருக்கீங்க, கால் கோணலா விழுந்திருக்கு. ஏழு நாள் ஓட்டமே கூடாது. தொடைக்குப் பலம் தர்ற பயிற்சி எழுதித் தாரேன். அப்புறம் சமதளத்துல கொஞ்சமா நடங்க. வலிச்சா அந்த இடத்துலயே வேகத்தைக் குறைக்கணும்."

"தேர்வு அன்னிக்குங்க?"

"அன்னிக்கும்தான். வலிக்க வலிக்க ஓடுனீங்கன்னா பாதி வழியில உக்காந்துடுவீங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஷூ கடைக்குப் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கடையைப் பெருமாயி என்ற அம்மாள் நடத்திக்கொண்டிருந்தாள். ஹேமலதா பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஈர்க்குச்சியை எடுத்தாள்.

"அதை உள்ள வைங்க. குச்சியா ஓடப்போவுது?" என்றாள் பெருமாயி. "பொழுதுக்கும் நடந்து கால் விரிஞ்சு வர்ற நேரம், நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. ஓடறப்ப போடற சாக்ஸைப் போடுங்க. ரெண்டு கால்லயும் மாட்டி எந்திரிச்சு நில்லுங்க."

அவன் பளபளவென்று இருந்த ஒரு வெள்ளை ஜோடியைத்தான் கேட்டு வாங்கினான். போட்டுக்கொண்டு நின்றான். ஹேமலதாவைப் பார்த்தான். "நல்லா இருக்குது" என்றான்.

"அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றீங்களே, கால் உங்களுதுங்க!" பெருமாயி குனிந்து ஷூ நுனியை அழுத்தினாள். "விரல் முட்டுது. பெரிய காலுக்குத்தான் அளவு பாக்கணும். முன்னால கட்டைவிரல் அகலம் எடம் வேணும், பின்னால குதிகால் நழுவக்கூடாது."

கடைசியில் சரியாக அமைந்தது, பாசி நிறத்தில், பார்க்கச் சகிக்காத ஒரு ஜோடி. கடைக்குள்ளேயே இருபது தரம் நடக்கவிட்டுத்தான் கொடுத்தாள்.

அந்த ஏழு நாளும் வீடு ரணகளமாக இருந்தது. ஓடாதே என்று அவனைக் கட்டிப்போட முடியுமா? புது ஷூவைத் தடுப்பூசிப் பதிவேடுகள் வைக்கும் பீரோவில் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். நாலாம் நாள் குண்டனி நாட்டுக் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், படகுத்துறை ஏரி ரோட்டில் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். காலில் அந்தப் பழைய சின்ன ஷூ!

"உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" ரோடென்றும் பார்க்காமல் கத்தினாள். "முட்டி போச்சுன்னா வேலையும் போச்சுங்க!"

"சும்மா உக்காந்திருந்தாலும் போயிரும்!" அவனும் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. "இந்த மலையில எவனுக்காவது எம்பேரு தெரியுமா? நர்ஸம்மா ஊட்டுக்காரரு. டீக்கடையில, ரேஷன்கடையில, எல்லாப் பக்கமும் நர்ஸம்மா ஊட்டுக்காரரு. எனக்குப் பயமா இருக்குது அம்மிணி."

அவனை ரோட்டோரம் உட்காரவைத்து, அந்தப் பழைய ஷூவின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் வெறுங்காலோடு பின்னால் வந்தான். மிச்ச நாட்களில் சொன்னதைச் செய்தான். கடைசி நாலு நாள் புது ஷூவில் ஏரிக்கரையில் நடந்தான், இறக்கத்தைக் கண்டால் திரும்பிவிட்டான்.

தேர்வன்று காலை ஆறு மணிக்கு அடிவாரத்துச் சாலையில் கொடி அசைத்தார்கள். முடிகிற இடம் ஒரு பள்ளி மைதானம். பத்து மணிக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள்.

எட்டே முக்காலுக்கு முதல் ஆள் வந்தான். ஒன்பதே காலுக்குள் ஐம்பது பேர். ஹேமலதா ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாசி வெயில் ஏறிவிட்டது. ஒன்பதரை. ஒருவன் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான், அவளுக்கு உயிரே நின்றுவிட்டது. அது வேறு யாரோ. ஒன்பது நாற்பது. ஆட்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தார்கள். வேகத்தைக் குறைக்கச் சொன்னது தப்போ? நாமே கெடுத்துவிட்டோமோ? முதலில் ஷூவால் கெடுத்தேன், இப்போது புத்தி சொல்லிக் கெடுத்தேன் என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஒன்பது ஐம்பது. காவலர் ஒருவர் வாசல் கதவில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் புளியமரத்துத் திருப்பத்தில் அந்தப் பாசி நிறம் தெரிந்தது. அவன் ஓடவில்லை. நடந்தான். பக்கத்தில் இருவர் அவனைத் தாண்டி ஓடினார்கள், அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. வேக வேகமாக, ஒரே சீராக நடந்து வந்தான். ஒன்பது ஐம்பத்தாறுக்கு வாசலைத் தாண்டினான்.

"பேரென்னப்பா?" என்றார் மேஜையில் இருந்தவர்.

"ஓம்பிரகாஷ்!" மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

அவர் எழுதிக்கொண்டார். அவன் நாலு எட்டு நடந்து வேப்பமர நிழலில் பொத்தென்று உட்கார்ந்தான். ஹேமலதா ஓடினாள்.

"கால் எப்படிங்க இருக்குது?" கேட்டுவிட்டு, வழக்கமாக வருவதை எதிர்பார்த்து நின்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வலிக்குது அம்மிணி" என்றான். "பதினெட்டாவது கிலோமீட்டர்லருந்து வலிக்குது. வலது முட்டி. அதான் ஓடல, நடந்தே வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புழுதியில் மண்டியிட்டு அவன் ஷூக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எந்த எடத்துலங்க? காட்டுங்க" என்றாள்.