கைவிட்டுப் போன பெயர்

"யாருமே குடியிருக்காத வீட்டையெல்லாம் நாம எதுக்குப்பா பூட்டி வச்சிருக்கோம்?" என்று டெஸ்ஸா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. இணையப் பெயர் என்றால் என்ன என்று புரியவைப்பதற்காக, அது ஒரு வீட்டு விலாசம் மாதிரி என்று அப்பா சொல்லியிருந்தான். தட்டில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்த மார்லிஸ் கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பதில் சொல்லு டெல்மர். ரொம்ப நாளா எனக்கும் அதே சந்தேகம்தான்."

டெல்மர் டேவ்ஸுக்குக் கனடாவின் விங்க்ளர் ஊரில் ஜன்னல் செய்யும் ஆலையில் வேலை. காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து, காலாவதியாகும் இணையப் பெயர்களின் பட்டியலைப் படிப்பான், மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல. விலைபோகும் என்று தோன்றும் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்வான். அதற்கு ஆண்டுதோறும் ஒரு சிறு கட்டணம். என்றாவது ஒருநாள் ஒரு வியாபாரி அதைத் தேடிக்கொண்டு வருவார். அதுவரை காத்திருக்க வேண்டும். கையில் முப்பது சொச்சம் பெயர்கள் இருந்தன. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். கட்டணம் போக மிஞ்சுவதில் குளிர்காலத்து டயர் வாங்கலாம், மகளின் பல்லுக்குக் கம்பி போடலாம்.

அவனுக்கென்று சில விதிகள் இருந்தன. ஒரு மனிதரின் பெயரைப் பதிய மாட்டான். நடந்துகொண்டிருக்கும் கடையின் பெயரையோ சபையின் பெயரையோ தொடமாட்டான். பிறர் கஷ்டத்தில் நழுவவிட்டது என்று தெரிந்தால் அதையும் விட்டுவிடுவான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மார்லிஸின் விவசாயி அண்ணன் வெண்டல் வேறு காரணத்துக்காகச் சிரிப்பான்.

"என்ன மச்சான், காத்து வியாபாரம் எப்படிப் போகுது? இந்த வருஷம் எத்தன மூட்டை?"

"உன் கடுகுச் செடிய விடப் பரவால்ல. ஆலங்கட்டி மழை அடிச்சா என்னோடது படுக்காது" என்பான் டெல்மர்.

அந்த செப்டம்பரில்தான் பெரிய வாய்ப்பு வந்தது. குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் கெலோனா ஊருக்குப் போய்விட முடிவுசெய்து, "முதல்ல உங்களத்தான் கேக்குறேன். அக்டோபர் கடைசிக்குள்ள முன்பணம் குடுத்தா வீடு உங்களுக்கு. இல்லன்னா ஏஜென்ட்கிட்ட விட்டுடுவேன்" என்றார். வங்கி கடன் தரத் தயாராக இருந்தது. முன்பணம் மட்டும் இல்லை. அதே வாரம் ரெஜினா நகரிலிருந்து ஒரு கம்பெனி எழுதியது. வயல்களில் நிற்கும் எஃகுத் தானியக் குதிர்கள் செய்கிறவர்கள். அவர்கள் கேட்டது டெல்மரிடம் இருந்த பெயர்களிலேயே சிறந்தது, ஆங்கிலத்தில் தானியக் குதிர் என்றே பொருள்படும் பெயர். மூன்று வாரம் விலை பேசி இருபத்திரண்டாயிரம் டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். முன்பணத்துக்கு அது போதும். மார்லிஸ் பின்வாசல் கதவுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

பெயரை மாற்றிக் கொடுக்க உட்கார்ந்த அன்று, அது அவன் கணக்கில் இல்லை.

வசந்தகாலத்தில் வங்கி, கட்டணங்கள் தானாகப் போகும் அவன் கார்டை மாற்றியிருந்தது. தான் வழக்கமாகப் பெயர்களை வைத்திருக்கும் நிறுவனத்தில் புது எண்ணைக் கொடுத்துவிட்டான். ஆனால் இந்த ஒரு பெயர் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. பெயர் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்: முதல் வருஷம் எங்கே மலிவோ அங்கே பதிவது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது, மறப்பது. நினைவூட்டல்கள் எல்லாம் அவன் திறப்பதே இல்லாத ஒரு பழைய மின்னஞ்சலில், விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தன. கட்டணம் போகவில்லை. விலை பேசிக்கொண்டிருந்த மூன்று வாரத்துக்குள் பெயர் ஏலத்துக்குப் போய் விற்றுப்போயிருந்தது.

அந்தப் பெயரின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "விற்பனைக்கு" என்ற ஒரு வரி, கீழே தண்டர் பே ஊரின் தொலைபேசி எண் ஒன்று. இந்தத் தொழிலில் யாரும் தங்கள் எண்ணைப் போடுவதில்லை.

"என்ன சொல்லப் போற?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"சொந்த உபயோகத்துக்கு வேணும், ஐந்நூறு டாலர் தரேன்னு சொன்னா ஒருவேளை குடுத்துடுவாங்க. வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டாங்க. யாரா இருந்தாலும் குடுக்க மாட்டாங்க."

"உனக்கு என்ன சொந்த உபயோகம்? குதிர் கட்டப் போறியா?"

அவள் கதவு வண்ண அட்டைகளை அடுக்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். "வீடு வேணும்தான் டெல்மர். ஆனா பொய் சொல்லி வாங்கின வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ண எனக்கு வராது. நீயே பாத்துக்கோ."

அவன் எண்ணை அழுத்தினான். கரகரத்த, வயதான பெண்குரல் ஒன்று எடுத்தது. "இர்யா கோஸ்கெலா பேசுறேன். நீங்க மின்சாரக் கம்பெனின்னா, போன வாரமே கட்டிட்டேன்."

அவன் தன் பெயரைச் சொன்னான். கார்டு மாறியதைச் சொன்னான். ரெஜினாக் கம்பெனியைச் சொன்னான், விலையைச் சொன்னான், வீட்டைப் பற்றியும் சொன்னான்.

"அடக் கிறுக்குப் பயலே" என்றாள். "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லலாமா? இப்ப நானே ரெஜினாவுக்குப் போன் போட்டா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நீங்க ஏலத்துல எடுத்தது. உங்களுதுதான்."

"ஆமா, என்னுதுதான்." அவள் இருமினாள். "முதல் வருஷம் எவ்வளவுக்குப் பதிஞ்ச?"

"தொண்ணூத்தொம்பது சென்ட்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "தொண்ணூத்தொம்பது சென்ட்! அந்தக் கண்ணியில நானும் விழுந்திருக்கேன், தம்பி. ரெண்டு நல்ல பேரு போச்சு எனக்கு. ஒருத்தனும் திருப்பித் தரல."

"ஏலத்துல குடுத்தத நான் குடுத்துடுறேன். ரெஜினாக்காரங்க தர்றதுல பாதியும் குடுக்கிறேன்."

"நீ சும்மா இரு. விலை பேசினது நீ. நான் குடுத்தது முந்நூத்திப் பத்து டாலர், அதை மட்டும் அனுப்பு. நீ ஏன்தான் உண்மையச் சொன்னியோ. பொய் சொல்லியிருந்தா நிம்மதியா உன்ன உரிச்சிருப்பேன். இப்ப ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போக வேண்டாமா? உன் கணக்கு எண்ணச் சொல்லு. பேரை இப்பவே தள்ளி விடுறேன். செக்கு மெதுவா வரட்டும்."

பணம் வருமுன் பெயரைக் கொடுப்பவர்கள் இந்தத் தொழிலில் கிடையாது. அவன் திரும்ப அழைத்து நன்றி சொல்லும் முன்பே பெயர் அவன் கணக்கில் வந்து நின்றது. திரும்ப அழைத்தபோது, "போய் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

வீடு அவர்களுடையதாயிற்று. முந்நூற்றுப் பத்து டாலர் செக்கோடு கூடுதலாக இன்னொரு செக்கும் அனுப்பினான். கூடுதல் செக் நான்காகக் கிழிந்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு திரும்பி வந்தது. வெண்டல் புது வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "காத்து நல்லாத்தான் கெட்டிப்பட்டிருக்கு, மச்சான்" என்று ஒப்புக்கொண்டான்.

மார்ச் மாதக் காலை ஒன்றில், மார்லிஸும் டெஸ்ஸாவும் வெளியே காரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, டெல்மர் வழக்கம்போலப் பட்டியலைப் படித்தான். காலாவதியான பெயர்களுக்கு நடுவே நீளமாக ஒன்று: தண்டர் பே ஊரின் ஏரியில் உள்ள ஒரு சிறு விரிகுடாவின் பெயரும் பனிக்கட்டி என்ற சொல்லும் சேர்ந்தது. விற்றால் ஒரு காசு பெறாது. ஊரின் பெயருக்காகத் திறந்து பார்த்தான். பக்கம் இன்னும் அணைக்கப்படவில்லை. ஏரியின் மேல் பனிக்கட்டி எந்த இடத்தில் எவ்வளவு கனம், எங்கே வண்டி போகலாம், எங்கே நடக்கக்கூட வேண்டாம் என்று வாராவாரம் குறித்த பக்கம். தூண்டில்காரர்கள் கீழே நன்றி எழுதியிருந்தார்கள். ஆக அடியில் சிறிய எழுத்தில், எய்னோ கோஸ்கெலா தொடங்கியது என்றும், அவர் மறைவுக்குப் பின் மனைவி இர்யா தொடர்கிறார் என்றும் இருந்தது. கடைசிக் குறிப்பு ஜனவரியில்.

தொலைபேசியை எடுத்தான். உடம்புக்கு என்னவோ, கேட்கலாம். ஆனால் கட்டணத்தைத் தான் கட்டப்போவதாகச் சொன்னால் அவள் செக் புத்தகத்தைத் தேடுவாள். முதலில் இது முடியட்டும், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

அந்தப் பெயரைப் பதிந்திருந்த நிறுவனம், யார் பெயருக்கும் யார் வேண்டுமானாலும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட அனுமதித்தது. எத்தனை ஆண்டுகள் என்று கேட்டது. அதிகபட்சம் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தான். சொந்தக்காரருக்குச் செய்தி ஏதாவது உண்டா என்று கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டான். கார்டு எண்ணை இரண்டு முறை சரிபார்த்து அழுத்தினான்.

பட்டியலை மறுபடி திறந்தபோது அந்தப் பெயர் அதில் இல்லை. கணினியை மூடிவிட்டு, மதிய உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.