ஆட்டுக்காதில் ஒரு ரத்தக்குழாய்

எழுபத்தெட்டாம் வருஷம். திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு இண்டர்வியூ. சொந்தக் கையால் சாயமேற்றிய ரத்தக்குழாய் ஸ்லைடு ஒன்று கொண்டுவரச் சொல்லிக் கார்டு வந்திருந்தது. சுந்தரம்மாளுக்கு இது மூன்றாவது இண்டர்வியூ. இதுவும் கைவிட்டுப் போனால் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை மைதீன் பாட்சாவின் கறிக்கடைக்குப் போனாள். ரத்தக்குழாய் ஓடும், ஆட்டின் குடலைத் தாங்கும் ஜவ்வைக் கழுவாமல் எடுத்துவைக்கும்படி முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் மனைவி கதீஜம்மாள் சட்டியை நீட்டினாள். உள்ளே எல்லாம் மஞ்சளாக மினுங்கியது.

“படிச்ச புள்ள கையால தொடப்போவுதேன்னு உப்பும் மஞ்சளும் போட்டு, சுடுதண்ணில நாலு தரம் அலசிட்டேன் மக்கா.”

அன்பாகச் செய்தவளிடம் என்னவென்று சண்டை போடுவது? உப்புப் பட்டால் சாயமேற்றும் வெள்ளி நைட்ரேட் திரிந்துவிடும். வெந்நீர் பட்டால் குழாயின் உள்தோல் உதவாது. சுந்தரம்மாளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து முட்டின. அன்று அறுத்ததோ ஒரே ஆடு.

அதன் தலை மட்டும் இன்னும் தீயில் வாட்டாமல் ஓரமாகக் கிடந்தது.

“அண்ணாச்சி, அந்தக் காதை அறுத்துத் தாரீயளா?”

“காதா? அதுல என்னத்தம்மா கறி இருக்கு?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

வீட்டு மாடியில் உட்கார்ந்து தோலை உரித்தாள். தையல் நூல் கனத்தில் ஓடிய குழாயை ஊசியால் கொழுப்பு விலக்கிப் பிரித்தெடுத்தாள். பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்து, மெழுகு ஊற்றிய டப்பா மூடியில் உடைமரத்து முள்ளால் குத்தினாள். இரும்பு ஊசி வெள்ளி நைட்ரேட்டுக்கு ஆகாது. உப்பில்லாத பேட்டரித் தண்ணீரில் குளுக்கோஸ் கரைத்து அலசி, ஒரு நிமிஷம் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவிட்டு, திரும்பவும் அலசி வெயிலில் வைத்தாள். சங்கரன்கோவிலில் வெயிலுக்கா பஞ்சம்? கொஞ்ச நேரத்தில் பழுப்பேறியது. ஸ்லைடில் பரப்பி, கிளிசரின் விட்டு மூடினாள். சரியாக வந்ததா என்று பார்க்க அவளிடம் மைக்ராஸ்கோப் இல்லை. எல்லாம் குருட்டாம்போக்கில் செய்த வேலைதான்.

மறுநாள் இண்டர்வியூவில் டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“நீ பாத்தியாம்மா?”

“இல்ல சார். மைக்ராஸ்கோப்புக்கு எங்க போக?”

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். “வந்து பாரு.”

குனிந்தாள். செல்லுக்குச் செல் கறுப்புக் கோடு, சித்திரை மாதக் கரிசல் வெடிப்பு மாதிரி. ஒரு கோடுகூட அறுபடவில்லை. எல்லாம் அவள் கை செய்தது.

“ஒண்ணாம் தேதி வந்து சேந்துரும்மா” என்றார் டாக்டர்.

அவள் நிமிரவில்லை. அவர் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.