சோபாவுக்கு அடியில் ஒரு சதுரம்

அக்கா டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் தம்பி அவள் சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபோமில் ஒரு துண்டை அறுத்து எடுத்திருந்தான்.

"என்னடா இது? அக்கா வீட்டுக்கு வர்றவங்க பழம் வாங்கிட்டு வருவாங்க. நீ கத்தியோட வர்றே."

"ஒரு சாம்பிள் வேணும்க்கா. பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். உட்கார்ந்தா தெரியாது."

"ஏற்கெனவே நீ பாஸ் பண்ணினதுதானே? கடைக்காரர் ரிப்போர்ட்டைக் காட்டினாரு. உன் கையெழுத்தைப் பார்த்ததும் யோசிக்காம வாங்கிட்டேன். பாப்பா மத்தியானம் தூங்கறதே இதுலதான்."

பாப்பா என்றது பேத்தியை. தம்பி டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

ஒரு சோதனைக்கூடத்தில் பொருட்களை எரித்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. மெத்தை, திரை, சுவர்ப்பலகை எதுவானாலும் ஒரு துண்டை வெட்டி, பழுக்கக் காய்ந்த கம்பிச் சுருளுக்கு அடியில் வைத்துக் கொளுத்துவான். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு வெப்பம் வந்தது என்று இயந்திரம் சொல்லும். வரம்புக்குள் இருந்தால் பாஸ்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஃபோம் வந்த அன்று காலையில், இயந்திரத்தைச் சரிபார்த்துத்தான் ஆரம்பித்தான். நடுவில் கரி அடைத்த வடிகட்டியை மாற்றினான். மாற்றினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஃபோம் கம்பெனிக்காரர் வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் சரிபார்க்காமல் விட்டுவிட்டான். மூன்று துண்டும் மயிரிழையில் பாஸ்.

மறுநாள் காலை, அளவு தெரிந்த வாயுவை எரித்துப் பார்த்தபோது இயந்திரம் குறைத்துக் காட்டியது. வடிகட்டி மூடியில் ரப்பர் வளையம் விலகியிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று புகையில் கலந்திருக்கிறது. காற்று கலந்தால் ஆக்சிஜன் கூடும், வெப்பம் குறைவாகத் தெரியும். வளையத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டான். ரிப்போர்ட் போய்விட்டது. சின்ன இடுக்குதானே என்று நினைத்துக்கொண்டான்.

போன வாரம் அக்கா புது சோபாவையும் அதோடு வந்த அந்த ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பும் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

இப்போது வளையத்தை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுத் துண்டை வைத்தான். வரம்பு முந்நூறு. திரையில் எண் முந்நூறைத் தாண்டி, முந்நூற்று எழுபதில் போய் நின்றது.

போன் செய்தான்.

"அக்கா, சோபாவைத் தூக்கி வெளிய போட்டுடு. தீப்பிடிச்சா வரம்புக்கு மேல வெப்பம் கக்கற ஃபோம் அது. தப்பு என்னோடது."

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"சந்தேகம் அப்பவே இருந்துச்சு."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"எனக்குத் தம்பின்னு நீ இருக்கே, சொல்லிட்டே. இதையே வாங்கின மத்தவங்களுக்கு யாருடா சொல்லுவா?"

அவன் பழைய ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனான். அவர் தேதியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சேப்பா. இப்ப வந்து என்ன?"

"மறுநாளே வந்திருக்கணும் சார்" என்றான்.