காற்றில்லாத மிதவை

காற்றின் வேகம் பூஜ்யம் என்று அடம்பிடித்தது மிதவை.

வானிலை நிலையத்தின் முதல் மாடியில், திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் அதை நம்பவில்லை. நடுக்கடலில் நங்கூரமிட்டிருக்கும் அதே மிதவைதான் அலை உயர்கிறது என்கிறது. காற்றழுத்தம் இறங்குகிறது என்கிறது. பக்கத்துத் திரையில் ரேடார், தென்கிழக்கிலிருந்து ஒரு சூறைக்காற்றுப் பட்டையைச் சிவப்பாக இழுத்து வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் காற்று மட்டும் எங்கே போனது?

சூறை சாயங்காலம் வரும் என்று காலையில் அவள்தான் முன்னறிவிப்பு எழுதினாள். ஆனால் அது அவசரக்காரச் சூறை. மதியமே வந்துவிடும் போலிருந்தது. திருத்திய எச்சரிக்கையை ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. வெளியே போன படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

செல்போன் அடித்தது. ஓரகத்தி.

"அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க. இவரு படகை மட்டும் காணோம். ரேடியோவுலயும் பதில் இல்லையாம்."

"பதறாதே. அதை அணைச்சு வச்சுக்கிட்டுத்தானே உன் வீட்டுக்காரர் மீனே பிடிப்பார்?"

கணவனின் தம்பிக்கு வீட்டில் 'கப்சிப்' என்று பெயர். மற்றவர்கள் அரைப் பெட்டி மீனோடு வரும் நாளில் அவன் படகு மட்டும் நிறைந்து வரும். எங்கே பிடித்தாய் என்று கேட்டால், "வடக்குத் திட்டு" என்பான். அங்கே போய் வலை போட்டவர்களுக்குப் பாசிதான் கிடைத்தது. யாராவது ரேடியோவை வைத்துத் தன் இடத்தை மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கரை மறைந்ததும் அதை அணைத்துவிடுவான்.

"இன்னிக்கும் வடக்குத் திட்டுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருக்கா. மீட்புப் படகை அங்க அனுப்பச் சொல்லுங்க. என் தம்பியையும் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"சரி, வை. நான் பார்த்துக்கிறேன்."

துறைமுகத்திலிருந்து மீட்புப் படகின் கேப்டன் ரேடியோவில் வந்தார். "மேடம், எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. ஏதாவது ஒரு பக்கம்தான் போய்த் திரும்ப முடியும். வடக்குன்னு வீட்டுல சொல்றாங்க. கிளம்பவா?"

"ஒரு நிமிஷம் கேப்டன்."

அவள் கண் மறுபடி அந்தப் பூஜ்யத்தில் போய் நின்றது. பின்னால் வந்து நின்ற மேலதிகாரி கையை வீசினார்.

"அந்த மிதவையை விடும்மா. அது நாலு நாள் வேலை செய்யும், ரெண்டு நாள் படுத்துக்கும். புது காற்றுமானி கேட்டு எழுதியாச்சு."

"எந்த ரெண்டு நாள் சார்?"

"அதுக்கெல்லாம் நாள் நட்சத்திரமா பார்க்க முடியும்?"

பார்த்தாள். வரைபடத்தைப் பின்னால் தள்ளினாள். போன மாதம் எஞ்சின் கெட்டு, கொழுந்தன் படகு பட்டறையில் கிடந்த வாரம் முழுக்க மிதவை சமர்த்தாக வேலை செய்திருந்தது. அவன் மகள் பிறந்தநாளுக்கு வீட்டில் இருந்தபோதும் அப்படியே. பெரிய மீன்களோடு வந்து தெருவையே கூட்டினானே, அன்றைக்குப் பூஜ்யம். அதற்கு முந்தைய வாரம், வீட்டில் எல்லோருக்கும் மீன் கொடுத்தனுப்பிய அன்றைக்கும் பூஜ்யம்.

ஓரகத்தி அடிக்கடி பீற்றிக்கொள்வது நினைவுக்கு வந்தது. "மத்தவங்க நனைஞ்ச கோழியா வருவாங்க. எங்க வீட்டுக்காரரு இஸ்திரி போட்ட சட்டையோட வருவாரு!"

அவள் சிரித்தே விட்டாள்.

"சார், மிதவைக்கு ஒண்ணுமே இல்லை. அதுக்குச் சட்டை போட்டு விட்டிருக்காங்க."

"என்னது?"

"மிதவை நிழல்ல மீன் கூடும். என் கொழுந்தனார் அதுல படகைக் கட்டிப்போட்டு மீன் பிடிக்கிறார். நனைஞ்ச சட்டையைக் காற்றுமானி மேல காயப் போடுறார். சட்டையை மாட்டினா அது எப்படி சார் சுத்தும்?"

மேலதிகாரி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. ஆனா கட்டின பொண்டாட்டியே வடக்குங்கிறாளே?"

"அவ காதுலயும் பூதான் சுத்தியிருக்கார் சார்."

ரேடியோவை எடுத்தாள். "கேப்டன், வடக்கு வேண்டாம். தென்கிழக்கு மிதவைக்குப் போங்க."

"சூறை வர்ற பக்கமே போகச் சொல்றீங்களே மேடம்!"

"மிதவையை அது தொட இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நீங்க முக்கால் மணியில போயிடலாம். அதுக்கு முன்னாடி அங்க சூறை அடிச்சா, இந்த நாற்காலியை விட்டு எழுந்துடுறேன்."

"உங்க நாற்காலி எனக்கு எதுக்கு மேடம்? கிளம்பிட்டேன்."

ஓரகத்திக்கும் அவளே போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் வெடித்தது.

"என்னக்கா இது? அவரு எங்கிட்ட பொய் சொல்லுவாரா? அங்க இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? என் தம்பியும் சேர்ந்துல்ல இருக்கான்!"

"அங்கதான் இருக்காங்க. நம்பு. ரெண்டு பேரும் வந்ததும் திட்டலாம், அதுவரைக்கும் வார்த்தையைச் சேர்த்து வை."

மிதவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும். பூஜ்யம். பூஜ்யம். கேப்டனின் குரல் தூரத்தில் கரகரத்து, பிறகு அதுவும் நின்றுபோனது. சிவப்புப் பட்டை மட்டும் அவள் சொன்ன வேகத்தில், அவள் சொன்ன வழியில் நகர்ந்தது. மறுபடி பூஜ்யம். மேலதிகாரி அவளுடைய தேநீரை எடுத்துக் குடித்தார். அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

அடுத்த எண் வந்தது. பதினெட்டு.

"சட்டையை எடுத்துட்டாங்க!" என்று மேசையைத் தட்டினாள்.

"காத்தே பிச்சுக்கிட்டுப் போயிருந்தா?" என்று மெல்லக் கேட்டார் மேலதிகாரி.

"சூறை இன்னும் அங்க போகலை சார், ரேடாரைப் பாருங்க. பதினெட்டுக்குப் பிய்யிற சட்டைன்னா காலையிலேயே பிஞ்சிருக்கும். கைதான் எடுத்திருக்கு."

சற்று நேரத்தில் ரேடியோ கரகரத்தது. "மேடம், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எங்களைப் பார்த்ததும், மிதவைக்குப் பின்னாடி ஒளியப் பார்த்தாரு உங்க கொழுந்தனாரு! அவங்க படகு வேகம் போதாது, இழுத்துக்கிட்டு வர்றோம்."

கரை சேர்வதற்குச் சற்று முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அவளும் வந்து காத்திருந்த துறைமுகத்தில் கப்சிப் தொப்பலாக இறங்கினான். ஓரகத்தி முதலில் தம்பியைக் கட்டிக்கொண்டாள். பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"ஏங்க, வடக்குத் திட்டு எப்போ தென்கிழக்குக்குக் குடி போச்சு?"

"அண்ணி, நீங்களாவது இவகிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்!"

"எதைச் சொல்லணும் தம்பி? நீங்க மீன் பிடிக்கிற எடத்தையா?"

"ஐயோ, மெதுவா பேசுங்க அண்ணி! எல்லாரும் நிக்கிறாங்க."

"நாங்க என்ன கண்ணைக் கட்டிக்கிட்டா போனோம்?" என்றார் கேப்டன். சுற்றி நின்ற படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

அவள் கையை நீட்டினாள். "அந்தச் சட்டையைக் கொடுங்க. எங்க மிதவைக்கு வந்த நோய் இதுதான்னு ஆபீஸ்ல காட்டணும்." கொடுத்தான். அவள் குரல் மாறியது. "இன்னிக்கு நீங்க சட்டையைக் காயப் போடலைன்னா, நான் உங்களை எங்கே தம்பி தேடுவேன்?"

அவன் தலை குனிந்தான்.

மறுநாள் காலை மிதவை, காற்று பன்னிரண்டு என்றது. அவள் கடல் முன்னறிவிப்பை ரேடியோவில் வாசித்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "மிதவைகளில் படகைக் கட்டவோ, துணி காயப் போடவோ கூடாது. கேட்டவர்கள் பதில் சொல்லவும்."

எல்லாப் படகுக்கும் கேட்கும் அலைவரிசையில், முதல் ஆளாக ஒரு குரல் வந்தது.

"கேட்டுச்சு, அண்ணி."