கல்வெட்டு ஒட்டாத பெட்டி

வள்ளல் வருகிறார் என்றால் ஆய்வகத்தில் முதலில் நின்றுபோவது ஆய்வு. மேசைகளைத் துடைப்பார்கள். வேலை செய்யாத கருவிகளை முன்னால் நகர்த்தி வைப்பார்கள். அவைதான் பளபளப்பாக இருக்கும்.

வள்ளல் என்பது இயக்குநர் சூட்டிய பட்டம். ஆள் சோப்புத்தூள் விற்றுக் கொழுத்தவர். வாசல் வளைவிலும் நூலகத்திலும் நீரூற்றிலும் தன் அப்பாவின் பெயரைப் பொறித்திருந்தார். லிஃப்டுக்குள்ளும் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை படித்துத் தொலைக்க வேண்டும்.

ரத்த ஆய்வு செய்கிறவளுக்கு அன்று ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். அவளுடைய உறைபெட்டி சாகக் கிடந்தது. உள்ளே, பின்னாளில் சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகளின் ரத்தம், நோய் தெரிவதற்கு முன்பே எடுத்துக் குப்பிகளில் அடைத்தது. அந்தக் குழந்தைகளில் பலர் மீசை வைத்துவிட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை. பெட்டி நின்றால் அவர்களுடைய ஆறு வயது ரத்தத்துக்கு எங்கே போவது?

"கம்ப்ரசரை மாத்த அவர்கிட்ட கேக்கலாமே சார்" என்று முந்தின வாரமே இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கல்வெட்டு ஒட்ட இடம் இருந்தாத்தாம்மா குடுப்பார். கம்ப்ரசர்ல எங்க ஒட்டறது?"

"புதுப் பெட்டியே வாங்கித் தரட்டும். நெத்தியில ஒட்டிக்கலாம்."

இயக்குநருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நல்ல யோசனை எதுவானாலும் மறுநாளே அது அவருடையதாகிவிடும்.

வள்ளல் வந்தார். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அப்பா பேர்ல ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வெச்சிடலாம்னு இருக்கோம்."

ஃப்ரீசர் பாக்ஸ் என்றால் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் கண்ணாடிப் பெட்டி. பாதி ஆயுளை மாநாடுகளில் கழித்த இயக்குநருக்கு மட்டும்தான் அது தெரியாது.

பெரியவர் தலையைத் தூக்கினார். "இப்பவே சொல்லி வெச்சாச்சா?"

"இது ரத்தம் வைக்கிற பெட்டிங்க" என்று அவள் குறுக்கே புகுந்தாள். "குழந்தைங்க ரத்தம்."

"இதுல பேர் போட்டா யாரும்மா பாப்பாங்க?" என்றார் வள்ளல்.

"யாரும் பாக்க மாட்டாங்க. அடிக்கடி திறந்தா கெட்டுடும்."

"அப்புறம் எதுக்குப் பேர்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இயக்குநர் முந்திக்கொண்டார். பெட்டி இருக்கும் அறைக்குக் கிரானைட் முகப்பு, அகலமான படிகள், விளக்குகள், மேலே 'உயிர்க் கருவூலம்' என்று பித்தளை எழுத்து, அதற்கு மேலே அப்பா. வள்ளலின் முகம் மலர்ந்தது.

"பெட்டி?" என்றாள் அவள்.

"அது ஓடுற செலவும்மா. நான் நிக்கிறதுக்குத்தான் குடுப்பேன்" என்றார் வள்ளல்.

"அந்தப் பொண்ணு கேக்கறதைக் குடுத்துத் தொலையேன்டா" என்றார் பெரியவர்.

"உங்களுக்காகத்தானப்பா செய்றேன்."

"எனக்கெதுக்கு? லிஃப்ட்ல என் பேரைப் பாத்துக்கிட்டே வந்தேன். செத்துட்டேனோன்னு சந்தேகமாயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். வள்ளலும் சிரித்தார். அளவெடுக்க ஆள் அனுப்பினார்.

கிரானைட் அறுக்கத் தொடங்கியதும் கரண்ட் போய்ப் போய் வந்தது. பெட்டியின் இருமல் அதிகமாயிற்று. அவள் வேறொரு ஊரிலிருந்த ஆய்வாளனுக்குப் போன் போட்டாள். அவளுடைய கட்டுரைகளைக் கருத்தரங்குகளில் நார் நாராகக் கிழித்தவன்.

"உங்க பெட்டியில இடம் இருக்கா? மொத்தத்தையும் அனுப்பிடறேன்."

"இருக்கு. முடிவு வந்தா யார் பேர்ல போடறது?"

"உங்க பேர்லயே போட்டுக்குங்க. கரண்ட் மட்டும் போகாம பாத்துக்குங்க."

"இதுல ஏதோ உள்குத்து இருக்கு" என்றான்.

"இல்ல."

"சரி, அனுப்புங்க."

வேன் கிடைத்த நாளே திறப்பு விழாவாகவும் அமைந்துவிட்டது. குப்பிகளை உலர்பனிக்கட்டியில் புதைத்து அவளே ஏற்றினாள். வேன் பின்வாசலில் நின்றது, நகர வழியில்லை. அவள் முன்பக்கம் வந்து, படியேறி, கேமராக்களைத் தாண்டி நேராக வள்ளலிடம் போனாள்.

நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று வள்ளல் நினைத்துக்கொண்டார். பரவாயில்லை என்பதுபோல் கையை உயர்த்தினார்.

"உங்க கார் வழியை மறிச்சு நிக்குது" என்றாள். "எடுக்கச் சொல்லுங்க."