என்கிற துண்டுச்சோறு

ஈத்தன்விளையில் யோவான் என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். ஜான்ரோஸ்கள் நாலு. ரத்தினங்கள் எத்தனை என்பது சபைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். ஞானஸ்நானம் கொடுத்த போதகர்மார் கையில் இருந்த பெயர்கள் கொஞ்சம், பிறந்த பிள்ளைகளோ கொள்ளை. ஊர் என்ன செய்யும்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வட்டப்பெயரை வைத்துக்கொண்டது. ஒத்தமாடு, பாதிமீசை, சக்கைக்குரு. முக்கில் சாயாக்கடை வைத்திருந்த வைகுண்டராஜனுக்கு வெந்நி என்று பெயர். அவர் போடும் சாயா அந்த லட்சணத்தில் இருக்கும். அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபப்படவும் மாட்டார், சாயாவைத் திருத்தவும் மாட்டார்.

எல்லாப் பெயரையும் அப்படிச் சிரித்துக்கொண்டு சுமந்துவிட முடியாது. சுந்தர்சிங்கின் வீட்டுக்குக் கிடைத்தது துண்டுச்சோறு.

பஞ்சாபிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவச் சாதுவின் பெயரைப் போதகர் அவனுக்கு வைத்திருந்தார். அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது சபையில் அசனம் நடந்தது. கிடாய் வெட்டி, ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து உண்ணும் விருந்து. கடைசிப் பந்தி எழும்பும்வரை ஒரு பருக்கை சோறுகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அவன் அப்பா யோவான் முதல் பந்தியிலேயே இலைச் சோற்றைத் தோளில் கிடந்த துண்டில் அள்ளிக் கட்டிக்கொண்டு நழுவியிருக்கிறார். பந்தல் வாசலில் பிடித்துவிட்டார்கள். துண்டை உதறியதும் சோறு மண்ணில் சிதறியது. அன்றோடு ஆறு யோவான்களில் ஒருவர் அடையாளம் தெரிந்த யோவான் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தோளில் துண்டு போட்டதில்லை. பனையேறி இறங்கினால் வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொள்வார். மகனோ அப்பாவிடம் ஒரு நாள்கூட அதைப்பற்றிக் கேட்டதில்லை. இலை நிறையப் போட்ட சோறு போதாமல் அள்ளிக்கொண்டு ஓடிய மனிதர் என்று முடிவுகட்டி, உள்ளுக்குள் ஒரு வெறுப்பை வளர்த்துக்கொண்டான்.

படித்தான். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் ஆனான். வெள்ளைச் சட்டை போட்டான். என்ன போட்டு என்ன? சைக்கிளில் ஊருக்குள் நுழைந்ததும், "துண்டுச்சோறு வாறான், காய்ச்சலுக்கு ஒரு குளிகை கேளுட்டி" என்பார்கள். அதில் பகையும் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பகையென்றால் சண்டை போடலாம், கேலியென்றால் திருப்பிக் கொடுக்கலாம். வெறும் பெயராகவே ஆகிப்போனதை என்ன செய்ய? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், ஓய்வுநாள் பள்ளி விட்டு வந்த அவன் மகள் பூங்கனி, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாலு வயது.

"அம்மா, துண்டுச்சோறுன்னா நானா?"

லீலாபாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அன்று மாலையே சுந்தர்சிங் மலேயாவில் இருந்த மைத்துனனுக்குக் கடிதம் எழுதினான். மூன்று மாதத்தில் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர் வேலை என்று பதில் வந்தது. குடும்பத்தோடு வரலாம், ஆனால் பாஸ்போர்ட் வேண்டும், இரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

கப்பலேறும் ஆட்கள் ஊரைப் பிரிய அழுவார்கள் என்று கேள்வி. சுந்தர்சிங் அழவில்லை. எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். உப்புக்கரிக்கும் கிணறு. கருப்பட்டி காய்ச்சும் புகை. கோயிலில் இன்னார் உட்காரும் இடம் இன்னது என்று அளந்து வைத்திருக்கும் முறை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெயர். பினாங்கில் இறங்கும்போது அவன் சுந்தர்சிங், அவன் மகள் சுந்தர்சிங் மகள். அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையில் அப்பாவும் இருந்தார் என்பதை மட்டும் அவன் தனக்கே உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

விண்ணப்பம் போட்டுப் பதினைந்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்தவனை வைகுண்டராஜன் கடையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே துண்டுச்சோறு, இங்க வா. இன்னைக்கு ஒரு கூத்து கேட்டியா? ஒரு போலீஸ்காரன் வந்தான். மலையாளத்துக்காரன். 'இவிடெ சுந்தர்சிங் எந்நொரு ஆள் உண்டோ'ன்னு கேக்கான். சிங்காம்! தலப்பாக்கட்டும் தாடியும் வச்ச பஞ்சாபிக்காரன் ஈத்தன்விளையில பனையேறவா வருவான்? அப்பிடி ஒரு ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னுட்டேன். பாதிமீசையும் இருந்தான், அவனும் இல்லைன்னுட்டான். எழுதிக்கிட்டுப் போய்ட்டான்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுந்தர்சிங் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான்.

"அண்ணாச்சி... சுந்தர்சிங் நான்தான்."

வைகுண்டராஜன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவனைத் தொட்டிலில் கிடந்த நாள் முதல் பார்த்தவர் அவர். அவன் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று சாயா ஊற்றியவர். "நீயா? உனக்கு அப்பிடி ஒரு பேரு உண்டா?" என்றார். அவர் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் சுந்தர்சிங் ஸ்டேஷனுக்கு ஓடினான். ஹெட்கான்ஸ்டபிள் நாராயணபெருமாள் காகிதத்தை விரலால் தட்டிக்காட்டினார். 'மேற்படி நபர் மேற்படி ஊரில் இல்லை.' நல்லவேளையாக அது இன்னும் மேலே போகவில்லை.

"மலேயாவுல காட்டுக்குள்ள கலகம் நடக்குடே. எவன் எந்தப் பேருல வாறான்னு அங்க குடைஞ்சு குடைஞ்சு கேக்கான். ஊர்க்காரனே ஆளில்லைன்னு சொல்லிட்டான். நீ பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்ட நீட்டுற. அந்தச் சர்ட்டிபிகேட்டு உனக்குள்ளதுதான்னு நான் எப்பிடி நம்ப? வெள்ளிக்கிழமைக்குள்ள ஊர்க்காரன் ரெண்டு பேர கூட்டிட்டு வா. உன்னத் தெரியும்னு சொல்லட்டும். இல்லைன்னா இத அனுப்பிருவேன்."

ஊருக்கு வந்து வைகுண்டராஜன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, சுந்தர்சிங்ன்னு மட்டும் சொல்லணும். மத்தது வாயில வந்திரப்பிடாது. அது காயிதத்துல ஏறிட்டா கப்பலு ஏறிரும். பாதிமீசை அண்ணன்கிட்டயும் சொல்லி வையுங்க."

"நான் ஏன்டே சொல்லப்போறேன்" என்று அவர் சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் புறப்பட்டபோது யோவானும் பின்னால் நடந்து வந்தார். சுந்தர்சிங் திரும்பிப் பார்த்தான். "நீங்க எதுக்கு வாறியோ?" என்றான். அவர், "சும்மாதான் மக்கா" என்றார். ஸ்டேஷன் வந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"இது ஆரு?" என்று நாராயணபெருமாள் கேட்டார்.

"சுந்தர்சிங்" என்றார் வைகுண்டராஜன், பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பது மாதிரி.

"எத்தனை வருசமாத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்து."

"அப்ப அன்னைக்கு போலீசுக்காரன் கேட்டதுக்கு இல்லைன்னு எதுக்குச் சொன்னீரு?"

வைகுண்டராஜன் பாதிமீசையைப் பார்த்தார். பாதிமீசை மேலே கூரையைப் பார்த்தார். இருவருக்கும் வேர்த்தது. உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும், பொய் சொல்ல அவர்களுக்குத் திறமை போதாது.

"மறந்து போச்சு ஏமானே."

"பொறந்ததுல இருந்து தெரிஞ்ச ஆளு மறந்து போச்சோ? ரெண்டு பேருக்கும்?" நாராயணபெருமாள் எழுந்து நின்றார். "எவ்வளவு வாங்கினீரு? அடுத்தவன் சர்ட்டிபிகேட்ட வச்சுக்கிட்டு ஆள்மாறாட்டம் செய்யப் பாக்கான், நீங்க சாட்சி. மூணு பேரையும் உள்ள இருத்தட்டுமா?"

சுந்தர்சிங் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வேலையும் கப்பலும் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. யோவான் உள்ளே வந்து கும்பிட்டு நின்றார்.

"ஏமானே, ஈத்தன்விளையில வந்து துண்டுச்சோறு வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. கைப்பிள்ளையும் கை காட்டும். அது என் வட்டப்பேரு. இவன் என் மொவன். இவனையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. சொந்தப் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. அதாக்கும் இல்லைன்னு சொன்னது. இவங்க மேல தப்பில்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து சுந்தர்சிங் கேட்டதில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

நாராயணபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துண்டுச்சோறா? அது என்னவே பேரு?"

சிரிப்புக்குக் கேட்ட கேள்விதான். யோவான் அதிகாரி கேட்ட கேள்வியென்று எடுத்துக்கொண்டு முழுப் பதிலும் சொன்னார்.

"அசனத்துச் சோத்தத் துண்டுல கெட்டுனேன் ஏமானே. இவனுக்கு அப்பம் காய்ச்சல். பத்து நாளாட்டு ஒண்ணும் எறங்கல்ல. அன்னைக்குக் காலம்பற கண்ண முழிச்சு, 'அப்பா, அசனச்சோறு'ன்னு கேட்டான். கடைசிப் பந்தி முடிய சாயங்காலம் ஆவும். அதுக்குள்ள திரும்ப மயங்கிருவானோன்னு பயம். என் எலையில விட்ட சோறுதான், நான் திங்காம கெட்டுனேன். பிடிச்சு ஒதறிட்டாங்க. பாதி மண்ணுல போச்சு. துண்டுல ஒட்டுனத வீட்டுல கொண்டு கழுவி ஊட்டுனேன். தின்னான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பொழச்சான்" என்றார்.

வைகுண்டராஜன் தலையைக் குனிந்துகொண்டார். அன்று பந்தல் வாசலில் சிரித்தவர்களில் அவரும் உண்டு. சுந்தர்சிங்குக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, பார்க்கவும் முடியவில்லை. இத்தனை வருஷமும் அவன் வெறுத்தது தன் வயிற்றுக்குள் போன சோற்றை.

நாராயணபெருமாள் உட்கார்ந்து பழைய காகிதத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: 'யோவான் மகன் சுந்தர்சிங் என்கிற துண்டுச்சோறு.'

"ஏமானே, அந்தக் கடைசி வார்த்தை..." என்று சுந்தர்சிங் ஆரம்பித்தான்.

"அத எழுதலைன்னா மேல இருந்து திரும்பவும் ஆள் வருவான். ஊருல திரும்பவும் இல்லைம்பாங்க. உனக்குக் கப்பல் வேணுமா, வேண்டாமா?"

திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். மகன் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். என்ன சொல்வதென்று யோசித்து யோசித்தே ஊர் வந்துவிட்டது. நாக்கு நீளமான கம்பவுண்டருக்கு, 'அப்பா, எனக்குத் தெரியாது' என்ற மூன்று வார்த்தை வரவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. லீலாபாய் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். சுந்தர்சிங். அப்புறம் 'என்கிற' என்பதற்கு ஒரு சொல். அப்புறம் அது. அவள் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தாள். "இஞ்ச பாருங்க, அங்க உள்ளவங்க இத வாசிச்சா சீனாக்காரன் பேருன்னு நெனச்சுக்கிடுவாங்க" என்றாள். அவன் சிரிக்க முயன்றான்.

புறப்படும் நாள் காலை வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி நின்றது. அங்கிருந்து ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். பெட்டிகளைக் கூரையில் ஏற்றியாகிவிட்டது. வழியனுப்ப வந்த வைகுண்டராஜன் பூங்கனிக்கு முட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "பாப்பா, பாப்பா" என்றார்.

யோவானைக் காணவில்லை. வண்டி எடுக்கப்போகும் நேரத்துக்குச் சந்தைப் பக்கமிருந்து வேகமாக வந்தார். கையில் வாழையிலைப் பொதி. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றையும் மீன்குழம்பையும் வைத்துக் கட்டி, ஈத்தன்விளையிலிருந்து நடந்தே கொண்டுவந்திருக்கிறார். பொதியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து போயிருந்தன. ஒரு துண்டில் கட்டித் தூக்கியிருந்தால் சூடு தெரிந்திருக்காது. சந்தை நிறைய ஆட்கள் தோளில் துண்டோடு நடந்தார்கள்.

"வழியில பிள்ளைக்குப் பசிக்கும் மக்கா."

சுந்தர்சிங் தோள்பையைத் திறந்து, கப்பலுக்கென்று நேற்று வாங்கிய புதுத் துண்டை எடுத்து உதறினான். பொதியை அப்பாவின் கையிலிருந்து வாங்கித் துண்டின் நடுவில் வைத்தான். வைகுண்டராஜன் பார்க்க, கண்டக்டர் பார்க்க, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். யோவான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு ஒருபக்கம் கோணியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"மக்கா, அன்னைக்கு நான் ஸ்டேஷன்ல வாய்விட்டுச் சொன்னேனே... அந்தப் பேரு பொஸ்தகத்துல ஏறிட்டா?"

பாஸ்போர்ட் சட்டைப் பையில் இருந்தது. அதன் விளிம்பு நெஞ்சில் குத்தியது.

"இல்லப்பா. ஏறல்ல. வெறும் சுந்தர்சிங்தான்."

கிழவரின் முகம் தெளிந்தது. "அப்பம் சரி" என்றார். "அது இங்கேயே கெடக்கட்டும். ஊருக்கு அப்பிடிக் கூப்பிடுகதுக்கு நான் ஒருத்தன் இருக்கேம்லா."

வண்டி நகர்ந்தது. சுந்தர்சிங் துண்டு முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சோறு இன்னும் சுட்டது.